ஓவர்டிரைவ் விழுந்த சத்தம்

மதுரையில் நர்ஸ் படிப்புக்கு எனக்கு இடம் கிடைத்திருந்தது. அன்று மாலைக்குள் போய்ச் சேராவிட்டால் அது வேறொருத்திக்குப் போய்விடும். விருதுநகரில் ரயிலைப் பிடிக்க அம்மாவும் நானும் கிளம்பினால், எங்கள் ஊர் எம். புதுப்பட்டி பஸ் பாதி வழியில் படுத்துவிட்டது. நல்லவேளை, அம்மா வேலை பார்த்த பட்டாசு கம்பெனி முதலாளியின் கார் யாரையோ அழைத்துவர ஸ்டேஷனுக்குப் போய்க்கொண்டிருந்தது. டிரைவர் எங்களை ஏற்றிக்கொண்டார்.

எங்கள் வீட்டைவிட அகலமான அமெரிக்கக் கார். அம்மா சீட்டு நுனியில்தான் உட்கார்ந்தாள்.

ரோடு நேரானதும் டிரைவர் வேகம் பிடித்து, ஆக்ஸிலேட்டர் மிதியிலிருந்து காலை எடுத்தார். எங்கள் காலுக்கடியில் 'டொக்'கென்று ஒரு சத்தம். அதுவரை உறுமிய என்ஜின் சட்டென்று அடங்கிவிட்டது.

பட்டாசு அறையில் புதுச் சத்தம் கேட்டால் என்ன ஏதென்று பார்க்கக் கூடாது, போட்டது போட்டபடி ஓட வேண்டும். அம்மாவுக்கு அது ரத்தத்தில் ஊறியது.

"தம்பி, நிப்பாட்டுங்க!"

கார் நின்றதும் நிற்காததுமாக என்னை இழுத்துக்கொண்டு ஓடி, பருத்திக் காட்டில் குப்புறத் தள்ளினாள். ரயில் போய்விடுமே என்று எனக்கு அழுகையும் ஆத்திரமும் முட்டிக்கொண்டு வந்தன.

டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "அக்கா, வெடியில்ல, ஓவர்டிரைவ்! முப்பது மைலுக்கு மேல போகயில காலை எடுத்தா, தானா இன்னொரு கியர் விழும். சக்கரம் அதே வேகத்துல ஓடும், என்ஜின் மட்டும் கொறச்சலாச் சுத்தும். பெட்ரோலும் மிச்சம்."

"மேடு வந்தா?"

"மிதியை ஒரே அழுத்தா அழுத்துனா பழைய கியருக்கே வந்துரும். ஏறுங்க, நேரமாகுது."

"காலை எடுக்க முந்தி சொல்லிருங்க" என்று நிபந்தனை போட்டுவிட்டுத்தான் அம்மா ஏறினாள்.

அதன்பின் அவர் ஒவ்வொரு முறையும், "அக்கா, இப்பக் கேக்கும், ஓடிராதீக" என்று அறிவித்தார். அம்மா கண்ணை இறுக மூடிக்கொள்வாள். சத்தம் கேட்டதும், "விழுந்துருச்சு" என்பாள். நாலாவது தடவை எனக்கே சிரிப்பு வந்துவிட்டது.

ஸ்டேஷனில் கொடி காட்டிவிட்டார்கள். என்னையும் என் டிரங்குப் பெட்டியையும் பெண்கள் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு அம்மா கீழே நின்றாள். அவளைப் பிரிந்து ஒரு ராத்திரிகூட நான் இருந்ததில்லை. வண்டி 'டொக்'கென்று ஒரு குலுக்குக் குலுக்கியது. என் கை தானாகக் கதவுக்குப் போனது.

அம்மா ஜன்னலோடு கூடவே ஓடிவந்தாள்.

"ஏ புள்ள, எறங்கிராத! கியர்தான் மாறுது!"