மாமாவின் இரண்டு கதவு வண்டி

இரண்டு வருடம் எங்கள் அப்பாவின் ஸ்கூட்டர் மழையிலும் வெயிலிலும் கிடந்ததற்குக் காரணம் என் தாய்மாமன். அது நிற்க வேண்டிய இடத்தில், வாசல் தகரக் கொட்டகைக்கு அடியில், மாமாவின் கார் நின்றது. நின்றது என்று சொல்வதுகூட ஒரு மரியாதைக்குத்தான். சக்கரம் நான்கையும் கழற்றிக் கொடுத்துவிட்டு செங்கல் அடுக்கின் மேல் உட்கார்ந்திருந்தது.

மாமாவும் அத்தையும் அப்போது பேகம்பூரில் ஒரு மாடி வீட்டில் குடியிருந்தார்கள். மாடிக்குக் காரை ஏற்ற முடியாது என்பதால் மாமா அதை அக்கா வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். ஓட்டிக்கொண்டு அல்ல, கயிறு கட்டி இழுத்துக்கொண்டு. "ஒரே மாசம்க்கா, அம்புட்டுத்தான்" என்றார். அம்மா நம்பினாள்.

அது பழைய காலத்துச் சின்ன கார். பின்னால் பெட்டி மாதிரி எதுவும் துருத்திக்கொண்டிருக்காது. பின்பக்கம் முழுவதும் மேலே தூக்கித் திறக்கிற ஒரே கதவு. ஆட்கள் ஏற இரண்டே கதவுகள். பின் சீட்டுக்குப் போக முன் சீட்டை மடக்கி, தலையைக் குனிந்து, முதலில் ஒரு காலையும் அப்புறம் உடம்பையும் கடைசியில் மற்றக் காலையும் உள்ளே விட வேண்டும். குடும்பத்துக்கு ஆகாத வண்டி என்று அப்பா ஒரே வார்த்தையில் முடித்துவிட்டார். மாமாவோ, அது வந்த காலத்தில் அதை முந்திப்போக இன்னொரு சின்ன வண்டி கிடையாது என்பார். "வத்தலக்குண்டுல இருந்து ஆத்தூருக்கு இது எம்புட்டு நேரத்துல போகும் தெரியுமா?" என்று என்னிடம் கேட்பார். எனக்குத் தெரியாது. வத்தலக்குண்டிலிருந்து ஆத்தூருக்கு யார், எதற்காக, அத்தனை அவசரமாகப் போக வேண்டும் என்பதும் பத்து வயதில் எனக்கு விளங்கவில்லை.

கார் கொட்டகையோடு நின்றிருந்தால் பரவாயில்லை. அது கொஞ்சம் கொஞ்சமாக வீட்டுக்குள் வந்தது. கார்புரேட்டர் மண்ணெண்ணெயில் ஊறியது அம்மாவின் தோசை மாவுக் குண்டானில். கழற்றிய திருகாணிகள் என் ஜியாமெட்ரி பாக்ஸில் குடியேறின. முன் சீட்டுகள் இரண்டும் கூடத்துக்கு வந்தன. அதில் ஒன்றில் சாய்ந்துகொண்டு அப்பா டிவி பார்த்தார். பார்த்துக்கொண்டே மாமாவைத் திட்டினார். பிறகு பேகம்பூரில் தோல் வேலை செய்கிற பாய் ஒருவர் வந்து அந்தச் சீட்டுகளுக்கு அளவெடுத்து, சிவப்புத் தோலில் உறை தைத்துக் கொடுத்தார். அவர் ஒருவர்தான் அந்தக் காரில் சொன்ன நாளில் வேலையை முடித்த மனிதர். மாமா மட்டும் ஞாயிற்றுக்கிழமை தோறும் வந்து, நன்றாக இருந்த எதையாவது ஒன்றைக் கழற்றிப் போட்டுவிட்டு, அம்மா வைத்த கறிக்குழம்பைச் சாப்பிட்டுவிட்டுப் போனார்.

"இந்தத் தகர டப்பாவ எடுக்கிறியா, இல்ல பழைய இரும்புக்காரன்கிட்ட நானே தூக்கிப் போடவாடா?" என்று அம்மா வாரம் ஒருமுறை கேட்பாள். மாமா சிரித்துக்கொண்டே காருக்கு அடியில் நுழைந்துவிடுவார். அவரோடு சண்டை போடுவதே கஷ்டம், எப்போதும் கால்கள் மட்டும்தான் வெளியே தெரியும்.

அந்தச் சமயத்தில்தான் மூன்று வயதான என் தம்பிக்கு மொட்டை போட்டுக் காது குத்த நாள் குறித்தார்கள். ஆத்தூரைத் தாண்டி அணைக்கட்டுப் பக்கம் இருக்கிற எங்கள் குலதெய்வக் கோயிலில் வைத்து, காலை பத்தரைக்குள் முடிக்க வேண்டும். மாமா உடனே அறிவித்துவிட்டார், தாய்மாமன் சீர் தன் வண்டியில்தான் வரும் என்று. வேன் பிடித்துவிடலாமே என்று அப்பா சொல்லிப் பார்த்தார். இரண்டு வருடமாக அந்தக் காரைத் திட்டிய அம்மா அன்றைக்கு அப்பாவைப் பார்த்து, "அவன் வண்டியிலயே வரட்டும்" என்றாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. இவர்கள் எந்தப் பக்கம் என்று ஒரு முடிவுக்கு வந்தால் நல்லது என்று நினைத்தேன்.

காருக்கு உயிர் வந்தது. அது உண்மை, மறைக்கக் கூடாது. சிவப்புப் பெயிண்ட் அடித்து, அகலமான சக்கரம் மாட்டி, குடம் உருளுகிற மாதிரி உறுமுகிற ஒரு சைலன்சரும் வைத்தார். அதோடு விட்டிருக்கலாம். விசேஷத்துக்கு ஒரு வாரம் இருக்கும்போது நான்கு ஸ்பிரிங்கிலும் ஒவ்வொரு சுற்றை அறுத்தெறிந்து வண்டியைத் தரையோடு தரையாக இறக்கினார். அப்போதுதான் வளைவில் சாயாமல் பறக்குமாம். புறவழிச் சாலையில் ஓட்டிப் பார்த்துவிட்டு, "காத்து மாதிரி போகுதுக்கா" என்று வந்து சொன்னார். தனியாகப் போய் ஓட்டிப் பார்த்தார் என்பதுதான் இதில் கவனிக்க வேண்டியது.

விசேஷத்தன்று அப்பா, அம்மா, தம்பி எல்லோரும் அப்பா வீட்டாரோடு வேனில் முன்னால் போய்விட்டார்கள். காரில் மாமா, அத்தை, அம்மாவின் அக்காவான என் பெரியம்மா, நான். பின்னால் இருபத்தோரு சீர்த்தட்டு, இரண்டு பித்தளைக் குடம், ஒரு வாழைத்தார். எனக்கு அந்தக் காரில் போக ஆசை என்று யாரும் நினைக்க வேண்டாம். தட்டுகள் சரியாமல் பிடித்துக்கொள்ள ஒரு ஆள் தேவைப்பட்டது. பெரியம்மா நல்ல கனமான உடம்பு. அவளைப் பின் சீட்டில் ஏற்றவே கால் மணி நேரம் ஆனது.

ஊர் தாண்டி முதல் வேகத்தடை வந்தது. அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது பாருங்கள், என் பல்லெல்லாம் கூசியது. மாமா வண்டியை நிறுத்திக் குனிந்து பார்த்தார். முகம் வெளுத்துவிட்டது. அதற்கப்புறம் ஒவ்வொரு வேகத்தடையிலும் நாங்கள் இறங்கினோம். அத்தை இறங்கி, சீட்டை மடக்கி, நான் இறங்கி, நானும் அத்தையும் ஆளுக்கொரு கையைப் பிடித்துப் பெரியம்மாவை வெளியே இழுப்போம். மாமா காலி வண்டியைக் கோணலாகத் திருப்பி, பச்சைப் பிள்ளையைத் தொட்டிலில் இருந்து எடுக்கிற மாதிரி ஒவ்வொரு சக்கரமாக மேட்டைத் தாண்டவைப்பார். அந்தப் பக்கம் நடந்துபோய், மறுபடி எல்லாம் தலைகீழாக நடக்கும். அந்தச் சாலையில்தான் எத்தனை பள்ளிக்கூடம், எத்தனை கோயில்! ஒவ்வொன்றுக்கும் இரண்டிரண்டு தடை.

ஏழாவது தடையில் பெரியம்மா, "ஏலே, என்னைய ஏத்தி இறக்குற நேரத்துக்கு நடத்தியே கூட்டிட்டுப் போயிருக்கலாம்லடா" என்றாள். அப்பாவிடமிருந்து போன் வந்துகொண்டே இருந்தது. "இந்தா வந்துட்டோம் மச்சான், செத்த நேரம்" என்று மாமா ஒவ்வொரு தடவையும் சொன்னார். அவர் நெற்றியில் வியர்வை வழிந்தது.

ஆத்தூரைத் தாண்டி மண்பாதையில் திரும்பியபோது மணி பத்து. கோயிலுக்கு இன்னும் ஒரு மைல். நடுவில் ஒரு வாய்க்கால் பாலம், யானை முதுகு மாதிரி. நாங்கள் இறங்கிக்கொண்டோம். வண்டி முன்சக்கரம் அந்தப் பக்கமும் பின்சக்கரம் இந்தப் பக்கமுமாக, வயிறு பாலத்தில் படிய உட்கார்ந்துவிட்டது. முன்னாலும் போகவில்லை, பின்னாலும் வரவில்லை. மாமா பட்டு வேட்டியோடு காருக்கு அடியில் நுழைந்தார். பழையபடி கால்கள் மட்டும்.

பின்னாலேயே கத்தரிக்காய் மூட்டை ஏற்றிய ஒரு குட்டியானை லோடு வண்டி வந்து, வழியில்லாமல் நின்றது. அத்தை ஓடிப்போய் டிரைவரிடம் பேசினாள். வயல் வழியாகச் சுற்றிக் கொண்டுபோய் விடுவதாக அவர் சொன்னார். "சீரை அதுல ஏத்துவோங்க, நேரம் போகுது" என்று அத்தை கெஞ்சினாள்.

"முடியாது. என் வண்டியிலதான் போவேன்" என்று காருக்கு அடியிலிருந்து பதில் வந்தது.

எனக்கு வந்ததே கோபம். பட்டுப்பாவாடை முழுக்கப் புழுதி, கையெல்லாம் சந்தனம், காலையிலிருந்து பதினான்கு தடவை ஏறி இறங்கியாகிவிட்டது. "பஸ்ஸுல வந்திருந்தாக்கூட இந்நேரம் போய்ச் சேந்திருக்கலாம்!" என்று கத்தினேன்.

கால்கள் அசைவது நின்றது. மாமா வெளியே வந்தார். கன்னமெல்லாம் கிரீஸ். திட்டப் போகிறார் என்று நினைத்தேன். கோபத்தில் ஜிமிக்கி ஆட நின்றிருந்த என்னை அவர் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு பின்கதவைத் தூக்கி, முதல் தட்டை எடுத்துக் குட்டியானையில் வைத்தார்.

கோயிலில் பெரியப்பா, அதாவது அப்பாவின் அண்ணன், கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு எல்லோர்மேலும் எரிந்து விழுந்துகொண்டிருந்தார். மாமா முறையாகிற வேறொருவரை ஏற்கெனவே பாயில் உட்காரவைத்திருந்தார்கள். பிள்ளையை அவர் மடியில் கொடுக்க வேண்டியதுதான் பாக்கி. அம்மா தம்பியை இடுப்பில் இறுக்கிக்கொண்டு, "என் தம்பி வருவான்" என்பதைத் தவிர வேறு பேச்சே பேசாமல் நின்றாளாம். கத்தரிக்காய் மூட்டைகளுக்கு நடுவில், தோடு இருந்த தட்டை நெஞ்சோடு அணைத்தபடி மாமா வந்து இறங்கியதும், தோசை மாவுக் குண்டானுக்காக இரண்டு வருடம் சண்டை போட்ட அம்மா ஒரு வார்த்தை திட்டவில்லை. நேராகப் போய் அவர் மடியில் தம்பியை உட்காரவைத்தாள்.

ஆசாரி ஊசியை எடுத்ததும் தம்பி ஊரைக் கூட்டினான். மாமாவும் அழுதார். மீசையெல்லாம் நனைய அழுதார். காருக்காக அழுகிறார் என்று எனக்கு நன்றாகத் தெரியும். கத்தியதற்கு வருத்தமாகிப் பக்கத்தில் போய், "அழாதீங்க மாமா, கார டிராக்டர் வச்சு இழுத்துரலாம்" என்றேன். அவர் அழுகையோடு சிரித்தார்.

டிராக்டர் வைத்துத்தான் இழுத்தார்கள். மூன்று மாதத்தில் மாமா அந்தக் காரை விற்றுவிட்டார். அப்பாவின் ஸ்கூட்டர் கொட்டகைக்குத் திரும்பியது.

இந்த வருடம் என் மகளுக்குக் காது குத்தப் போகிறோம். அன்று ஊரைக் கூட்டிய தம்பிதான் இப்போது தாய்மாமன். முந்தின நாளே வந்துவிட வேண்டும் என்று அவனை மிரட்டி வைத்திருக்கிறேன். மாமா மடியில் நான் உட்கார்ந்திருக்கிற போட்டோவை மகளுக்குக் காட்டலாம் என்று போன வாரம் அம்மாவிடம் கேட்டேன்.

"அப்பிடி ஒரு போட்டோ கெடையாது" என்றாள் அம்மா. "ஒனக்கு அதே கோயில்ல குத்துறப்ப அவன் வத்தலக்குண்டுல வேலையில இருந்தான். அங்கேருந்து பஸ்ஸுல வந்தான். பஸ்ஸு நடுவழியில நின்னு போச்சு. சீர்த்தட்டத் தலையில வச்சுக்கிட்டு ஓடியே வந்திருக்கான். வந்து சேந்தப்ப, என் பெரியப்பா மகன் மடியில வச்சு ஒனக்குக் குத்தி முடிச்சு, பந்தியில எலையும் எடுத்துட்டாங்க. அன்னைக்கு அவன் சாப்பிடாமலே போனான்."

வாய்க்கால் பாலத்தில் மாமா வெளியே வந்து என்னைப் பார்த்துக்கொண்டு நின்றது ஞாபகம் வந்தது. என் முகத்தைப் பார்த்தார் என்றுதான் இத்தனை நாள் நினைத்துக்கொண்டிருந்தேன். அவர் பார்த்தது என் காதுகளை.