சொர்ணம் போட்ட டிரங்க் கால்

இன்டர்நெட் எப்படி வேலை செய்கிறது என்று யாராவது கேட்டுவிட்டால் போதும், பெட்டி பெட்டியாகப் படம் போட்டு ஆளைக் கிறுகிறுக்க வைத்துவிடுகிறார்கள். அதெல்லாம் எதற்கு? செங்கல்பட்டு டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் முப்பது வருஷம் உட்கார்ந்திருந்த சொர்ணத்தைத் தெரிந்தால் பாதி விளங்கிவிடும். மிச்சப் பாதி அவளுக்கே 1974-ல் ஒரு மழை நாள் மத்தியானத்தில்தான் விளங்கியது.

மாமல்லபுரத்துக்குத் தெற்கே ஒரு மீன்பிடிக் குப்பத்தில் பிறந்தவள். அந்தக் குப்பத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறி உத்தியோகத்துக்குப் போன முதல் பெண். காதில் ஹெட்போன், எதிரே துளை துளையாக ஒரு பலகை. ஒவ்வொரு துளையும் ஒரு ஊருக்குப் போகும் கம்பி; பிளக்கைச் செருகினால் அந்த ஊர் லைனில் வரும். எல்லா ஊருக்கும் நேர்க்கம்பி இழுக்க யாராலும் ஆகாது. அதனால் ஒரு ஊர் அடுத்த ஊருக்குக் கொடுக்கும், அது அதற்கடுத்த ஊருக்குக் கொடுக்கும். இன்றைக்குக் கம்ப்யூட்டர்கள் செய்வதும் இதே வேலைதான்.

அன்று பன்னிரண்டேகாலுக்குச் செங்கல்பட்டு ஆஸ்பத்திரி நர்ஸ் எல்லம்மாள் கூப்பிட்டாள். சொர்ணத்தின் அண்ணி மாரியம்மாவை முந்தின நாள்தான் பிரசவத்துக்குச் சேர்த்திருந்தார்கள். காலையிலிருந்து ரத்தம் போகிறதாம். நாலு மணிக்கு ஆபரேஷன். கூட இருக்கும் அண்ணனின் ரத்தம் சேரவில்லை.

"போன பிரசவத்துக்கு அவங்க தம்பிதானே ரத்தம் குடுத்தாரு? அவரை வரச் சொல்லு. நாலுக்குள்ள வரலேன்னா என்னால ஒண்ணும் சொல்ல முடியாது."

மாரியம்மாவின் தம்பி தணிகைவேல் அதே குப்பத்தில் இருந்தான். அங்கிருந்து இரண்டரை மணி பஸ்ஸை விட்டால் அடுத்தது நாலரைக்குத்தான்.

குப்பத்துக்குப் பக்கத்தில் போன் இருந்தது கடலோரத் தபால் ஆபீஸில்தான். அங்கே போகும் வழியில் நடுவே ஒரு எக்ஸ்சேஞ்ச். மழைக்காற்றில் குரல் முழுசாகப் போய்ச் சேரவில்லை. சேதியை மூன்று துண்டாக்கி நம்பர் போட்டாள். ஒன்று, மாரியம்மாவுக்கு சீரியஸ். இரண்டு, தணிகைவேல் உடனே ஆஸ்பத்திரிக்கு வரணும். மூன்று, ரெண்டரை பஸ்ஸை விடக்கூடாது. நடுவில் இருந்தவர் அதை வாங்கிப் போஸ்ட்மாஸ்டர் அப்பாசாமிக்குச் சொல்ல, அவர் திருப்பிச் சொன்னபோது இரண்டாவது துண்டைக் காணோம். அதை மட்டும் மறுபடி அனுப்பினாள். இன்றைக்கும் இன்டர்நெட் வலையில் போகிற எதுவும் இப்படித் துண்டுதுண்டாகத்தான் போகிறது, காணாமல் போன துண்டைத்தான் திரும்பக் கேட்கிறது. மூன்றும் சேர்ந்ததும் "சரி" என்று வந்தது. பிளக்கை உருவிவிட்டாள்.

உருவினாளே தவிர மனசு அடங்கவில்லை. யார் யாருக்கோ லைன் போட்டாள், காது ஆஸ்பத்திரித் துளையிலேயே இருந்தது. ஒன்றரைக்குத் தாங்காமல் அப்பாசாமியைப் பிடித்தாள்.

"தணிகை பஸ்ஸுக்குக் கிளம்பிட்டானா சார்?"

"எங்கம்மா கிளம்புறது? போஸ்ட்மேன் சுப்பிரமணி போய்ச் சொன்னதும் குப்பமே ஓன்னு அழுதுகினு கீது. தணிகை கோடி எடுக்க ஜவுளிக் கடைக்குப் போய்க்கீறான். சாயந்திரம் வேன் வெச்சு எல்லாருமா வராங்களாம்."

சொர்ணத்துக்கு அப்போதுதான் உறைத்தது. குப்பத்துப் பக்கம் சாவை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். சீரியஸ், உடனே வா என்பார்கள், அவ்வளவுதான். கேட்டவன் அழுதுகொண்டே கடைக்குப் போவான், செத்த பெண்ணுக்குப் பிறந்த வீட்டுக் கோடிப் புடவை எடுக்க. அந்த மண்ணிலேயே பிறந்த தனக்கு இது எப்படித் தோன்றாமல் போயிற்று? ஒரு எழுத்துக்கூடக் குறையாமல் போய்ச் சேர்ந்த சேதி அண்ணியைக் கொல்லப் பார்த்தது.

"சார், அண்ணி சாவல..." என்று ஆரம்பிப்பதற்குள் கரகரவென்று இரைச்சல். எங்கேயோ மரம் விழுந்து கம்பி அறுந்துவிட்டது.

சூப்பர்வைசர் வரலட்சுமி பின்னால் வந்து நின்றாள். சொந்தக் கால் போட்டால் எழுதி வைத்துவிடும் ஆள். இவள் முகத்தைப் பார்த்தவள், "அழுதுண்டு நிக்காதே. மெட்ராஸைச் சுத்திப் போ" என்றாள்.

வடக்கே மெட்ராஸ், அங்கிருந்து கடற்கரையோரமாகத் தெற்கே இறங்கும் கம்பி. ஒரு வழி அடைத்தால் இன்னொரு வழி, வலை என்று பெயர் வைத்ததே அதற்குத்தான். ஆனால் ஒவ்வொரு ஊரிலும் கெஞ்ச வேண்டியிருந்தது. அப்பாசாமி கிடைத்தபோது மணி இரண்டு ஐந்து.

"லைனை வெக்காதீங்க சார். தணிகையே வந்து பேசணும். நீங்க சரின்னு சொன்னா பத்தாது."

சுப்பிரமணி சைக்கிளில் ஜவுளிக் கடைக்குப் பறந்தான். இரண்டு இருபதுக்கு மூச்சிரைக்கும் சத்தம் கேட்டது.

"சொர்ணம், அக்கா எப்போ போச்சு?"

"போவலடா. உயிரோட கீது. உன் ரத்தம் வேணும், அதுக்குத்தான் கூப்பிட்டேன்."

"வழியில அழுவேன்னு சும்மா சொல்றே. நீ கண்ணால பாத்தியா?"

அவள் எங்கே பார்த்தாள்? அவளிடம் இருந்ததெல்லாம் இரண்டு மணி நேரத்துக்கு முன்னால் ஒரு நர்ஸ் சொன்ன வார்த்தை.

"பாத்தேன். எங்கிட்ட பேசிச்சு. நீ எங்கேன்னு கேட்டுச்சு. இப்போ இன்னா பண்ணப் போறே, உன் வாயால சொல்லு."

"ரெண்டரை பஸ்ல வந்து ரத்தம் குடுக்கறேன்."

அப்புறம்தான் பிளக்கை உருவினாள். ரிட்டயர் ஆகிற வரைக்கும் அவசரச் சேதி எதுவானாலும் "இன்னா புரிஞ்சுது, சொல்லுங்க" என்று கேட்காமல் அவள் லைனை வெட்டியதில்லை.

ஷிப்ட் முடிய ஆறு மணி. அதுவரை ஆஸ்பத்திரிக்கு லைன் போட அவளுக்குத் துணிச்சல் வரவில்லை. ஆறே காலுக்கு வராந்தாவில் தணிகைவேலைக் கண்டாள். முழங்கை மடிப்பில் பஞ்சு, மடியில் பேப்பரில் சுற்றிய பொட்டலம்.

"பொண்ணு பொறந்துகீது. அக்கா தூங்குது" என்றான்.

பத்தாம் நாள் வீட்டுக்குக் கிளம்பும்போது அந்தப் பொட்டலம் மாரியம்மா கையில் சிக்கியது. அரக்குச் சிவப்புப் புடவை. தூக்கி எறியச் சொன்னான் தம்பி.

"என் சாவுக்கு எடுத்ததை வேற எவ கட்டுவா?" என்று அவளே கட்டிக்கொண்டாள். அவன் சுவர்ப் பக்கம் திரும்பிக்கொண்டு அழுதான்.

கொசுவத்தைச் செருகியபடி மாரியம்மா சொர்ணத்தைப் பார்த்தாள். "இன்னாடி, என்னைப் பாத்தேன்னியாமே. நான் பேசினேன்னு வேற சொன்னியாம். எப்போ பாத்தே?"

சொர்ணம் அவள் தோளில் சாய்ந்தாள். கஞ்சி வாசனை போகாத அந்தப் புடவையில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, பத்து நாளாக அடக்கி வைத்திருந்ததையெல்லாம் அழுதாள்.