பரங்கிமலைக்கு ஒரு பல்சக்கரம்

நான் வேலை பார்த்தது ஒரு இன்சூரன்ஸ் அலுவலகத்தில், இறப்பு இழப்பீட்டுக் கோரிக்கைகள் பிரிவில். காலையில் போய் உட்கார்ந்தால் சாயங்காலம் வரை யார் எதனால் செத்துப்போனார்கள் என்று படிப்பதுதான் உத்தியோகம். குளியலறையில் வழுக்கி விழுந்தவர், மாடிப்படியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தவர், காப்பி குடித்துக்கொண்டிருக்கும்போதே சாய்ந்தவர் என்று வரிசையாக வருவார்கள். இப்படிப்பட்டவனுக்கு, இதயத்தில் ஒரு வால்வு சுருங்கி, அதை பலூன் விட்டு விரித்துக்கொண்டு வந்த பெண்டாட்டி அமைந்தால் அவன் எப்படி இருப்பான்? நான் அப்படித்தான் இருந்தேன். அவள் தும்மினால் எனக்கு வேர்க்கும்.

தொண்ணூறுகளின் பிற்பகுதி அது. மயிலாப்பூரில் குளத்துக்குப் பின்னால் ஒரு மாடிப் போர்ஷனில் இருந்தோம். அவள் அடையாறில் ஒரு பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். சின்ன வயதில் வந்த மூட்டுக் காய்ச்சல் சத்தமில்லாமல் இதயத்தைக் கெடுத்து வைத்திருந்தது கல்யாணத்துக்குப் பிறகுதான் தெரிந்தது. சிகிச்சை நன்றாக முடிந்தது. ஆறு மாதம் கழித்துக் காட்டப் போனபோது டாக்டர் முகமெல்லாம் சிரிப்பாக இருந்தார். அவள் சுற்றி வளைக்காமல் கேட்டாள், குழந்தை பெற்றுக்கொள்ளலாமா என்று.

"மாடிப்படி ஏறினா மூச்சு வாங்காம இருக்கணும். அது சரியா இருந்தா தாராளமா யோசிக்கலாம்" என்றார் டாக்டர். பிறகு என்னைப் பார்த்து, "என்ன சார்?" என்றார்.

நான் தலையாட்டிவிட்டு வந்தேன். அடுத்த ஒரு வருஷம் தலையை மட்டும்தான் ஆட்டிக்கொண்டிருந்தேன். அவள் மாடி ஏறி வரும்போதெல்லாம் கதவருகில் நின்று கவனிப்பேன். மூச்சு சீராகத்தான் இருக்கும். இருந்தும், வெயில் போகட்டும், மழை போகட்டும், இன்னொரு தரம் டாக்டரிடம் காட்டிவிடலாம் என்று ஏதாவது சொல்லித் தள்ளிப்போடுவேன். இரட்டை உயிரை அந்தச் சின்ன வால்வு தாங்குமா? ஆபீசில் பிரசவத்தில் போனவர்களின் கோப்பு வந்தால் பக்கத்து மேஜைக்காரரிடம் தள்ளிவிடுவேன்.

ஒருநாள் மாடிப்படி முடிவில் என்னைப் பார்த்ததும் அவளுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏன்னா, தினம் இங்க நின்னுண்டு என்ன பாக்கறேள்? மாடிப்படியில ஏமாத்தலாம். திருப்பத்துல நின்னு செருப்பைச் சரி பண்றாப்பல மூச்சை வாங்கிக்கலாம். நான் பாதி நாள் அப்படித்தான் பண்ணிண்டிருக்கேன்."

நான் அவள் கையிலிருந்த நோட்டுக் கட்டை வாங்கிக்கொண்டேன்.

"நிஜமா தெரியணும்னா சைக்கிள்தான்" என்றாள். "மேட்டுல நின்னா விழுந்துடுவேன். அதுல பொய் சொல்ல முடியாது. பரங்கிமலை ரோட்டுல நிக்காம ஏறிட்டேன்னா அப்பறம் பேச்சே இல்லை. சரியா?"

சைக்கிள் வீட்டிலேயே இருந்தது. அவள் தம்பி அமெரிக்காவுக்குப் படிக்கப் போகும்போது எங்கள் படிக்கட்டுக்கு அடியில் விட்டுவிட்டுப் போன மவுண்டன் பைக். தடித் தடியாய் டயர், முன்னால் மூன்று பல்சக்கரம், பின்னால் ஆறு. அதை அவன் மெரினாவைத் தாண்டி எங்கும் ஓட்டியதில்லை. ஏனென்றால் இந்த ஊரில் மேடு என்று சொல்லிக்கொள்ள மேம்பாலங்களும் சப்வேக்களும்தான் உண்டு. மிச்சமெல்லாம் தோசைக்கல் மாதிரி தட்டை. மலை வேண்டுமென்றால் பரங்கிமலை ஒன்றுதான். மலைநாட்டுக்காரர்கள் பார்த்தால் சிரிப்பார்கள். எனக்கு அது இமயமலையாகத் தெரிந்தது.

சரி என்று சொல்லிவிட்டேன். வேறு என்ன சொல்வது? எங்களோடு இருந்த என் அம்மாவிடம், டாக்டர் சொன்ன உடற்பயிற்சி என்று சொல்லி வைத்தோம்.

பழகுவதற்கு ஞாயிற்றுக்கிழமைகளில் மாம்பலம் சப்வேக்குப் போவோம். அவள் மேற்கு மாம்பலம் பக்கமாக இறங்கி தி.நகர் பக்கமாக ஏறுவாள். நான் ஸ்கூட்டரில் பின்னாலேயே, முதல் கியரில், உறுமிக்கொண்டு வருவேன். பின்னால் வரும் பஸ்காரன் ஹாரனை அழுத்திப் பிடித்துக்கொண்டு என்னைத் திட்டுவான். எனக்கு எதுவும் காதில் ஏறாது. அவள் முதுகு எழுந்து தாழ்வதை மட்டும் பார்ப்பேன். மேலே வந்ததும் வண்டியை ஓரங்கட்டச் சொல்லி உதடு நீலம் பாரித்திருக்கிறதா, நகம் வெளுத்திருக்கிறதா என்று பார்ப்பேன். அங்கே பூ விற்றுக்கொண்டிருந்த பூக்காரி ஒரு தரம், "இன்னாம்மா, ஜோசியம் பாக்குறாரா?" என்று கேட்டுவிட்டாள்.

சப்வே மேட்டில் அவளுக்கு மூச்சு வாங்கத்தான் செய்தது. எல்லோருக்கும் வாங்குகிற அளவா, கூடவா என்று எனக்குத் தெரியவில்லை. தெரியாததுதான் என்னைத் தின்றது. அப்போதுதான் கியர் விஷயத்தில் மூக்கை நுழைத்தேன். முன்னால் உள்ள பல்சக்கரம் சின்னதாகவும் பின்னால் உள்ளது பெரிதாகவும் இருந்தால் மிதிப்பது லேசாகும் என்று படித்துத் தெரிந்துகொண்டிருந்தேன். அப்படியானால் பின்னால் இன்னும் பெரிதாக ஒன்றைப் போட்டுவிட்டால்?

அவள் கணக்கு டீச்சர். விரல் விட்டுக் காட்டினாள்.

"முன்னாடி சின்னதுல இருபத்தெட்டு பல். பின்னாடி பெருசுல இருபத்தெட்டு பல். பெடலை ஒரு சுத்து சுத்தினா சக்கரமும் ஒரே ஒரு சுத்து. அதுக்கும் கீழ போனா கால் சுத்தும், வண்டி நகராது. எதுக்கு?"

"நெஞ்சுக்கு நல்லது."

"நீங்க சொல்ற கியர்ல உங்கம்மாவே பரங்கிமலை ஏறிடுவா. அப்பறம் நான் ஏறி என்ன தெரியப் போறது?"

வாதத்தில் அவளை ஜெயிக்க முடியாது. அதனால் வாதத்தை விட்டுவிட்டு, சைக்கிளை உருட்டிக்கொண்டு ராயப்பேட்டையில் ஒரு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் பாக்கை மென்றுகொண்டே நான் சொன்னதைக் கேட்டார்.

"இன்னா சார், ஊரே ஸ்பீடுக்கு கியர் கேக்குது, நீ ஸ்லோவா போறதுக்குக் கேக்குற. மெட்ராஸ்ல மலை எங்க கீது?"

"பரங்கிமலை."

"அதுக்குப் படிக்கட்டு கீதே சார்."

அதைச் சொல்லிப் புரியவைக்க எனக்குப் பொறுமை இல்லை. எங்கிருந்தோ தேடி ஒரு வாரம் கழித்து வரவழைத்துக் கொடுத்தார். ஆறு சக்கரம் கொண்ட அடுக்கு, அதில் கடைசிச் சக்கரம் முப்பத்து நான்கு பல். டிபன் தட்டு அளவுக்கு இருந்தது. மாட்டியதும் செயின் அந்தத் தட்டில் ஏற மறுத்தது. ஏறியே ஆக வேண்டும் என்று நான் பிடிவாதம் பிடித்தேன். செயின் ஓரத்தைத் தாண்டி விழாமல் தடுக்கிற ஒரு சின்ன ஸ்க்ரூ பின்னால் இருந்தது, அதைத் தளர்த்தினார். இன்னும் கொஞ்சம் என்றேன். இன்னும் கொஞ்சம் தளர்த்தினார்.

"போதும் சார். இப்போ கண்ண மூடிக்கினு ஏறும்."

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் அவள் அந்தத் தட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், ஒன்றும் பேசவில்லை. பேசாததை சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன்.

ஒரு விடுமுறை நாள் காலையில் கிளம்பினோம். அவள் சுடிதாரில், துப்பட்டாவை இடுப்பில் இறுக்கிக் கட்டியிருந்தாள். நான் ஸ்கூட்டரில் தண்ணீர், குளுக்கோஸ் பொட்டலம், நாக்குக்கு அடியில் வைக்கும் மாத்திரை எல்லாம் வைத்துக்கொண்டேன். அந்த மாத்திரை அவளுக்கு எழுதிக் கொடுத்ததே இல்லை. ஆபீசில் யாரோ சொல்லி வாங்கி வைத்திருந்தேன். அடையாறு பாலம், கிண்டி எல்லாம் அவள் சாவகாசமாக மிதித்துக்கொண்டு வந்தாள். நான் மட்டும் சட்டைப் பையில் மாத்திரை இருக்கிறதா என்று தொட்டுத் தொட்டுப் பார்த்துக்கொண்டேன். மலையடிவாரத்தில் என்னைப் பார்த்து, "வண்டியை இங்கயே நிறுத்திட்டு நடந்து வாங்கோ. அந்த உறுமலைக் கேட்டாலே எனக்குப் படபடன்னு வரது" என்றாள்.

ரோடு திடீரென்று தூக்கிக்கொண்டு நின்றது. அவள் என்னைத் திருப்திப்படுத்தத்தானோ என்னவோ, கடைசிப் பல்சக்கரத்துக்கே மாற்றிக்கொண்டாள். கால் மிக்சி மாதிரி சுற்றியது. சைக்கிள் நகர்ந்தது என்று சொல்ல முடியாது. நான் பக்கத்தில் நடந்துகொண்டிருந்தேன், அவள் எனக்குப் பின்தங்கினாள். வேகம் இல்லாததால் முன் சக்கரம் இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் அலைந்தது. அதை நேராகப் பிடிக்கவே அவளுக்குப் பாதி பலம் போயிற்று. முகம் சிவந்தது. மூச்சு சத்தம் எனக்குக் கேட்டது.

"போதும், இறங்கிடு" என்றேன்.

அவள் ஒரு அழுத்து அழுத்தினாள். கடகடவென்று ஒரு சத்தம் கேட்டது. செயின் அந்தப் பெரிய தட்டையும் தாண்டி ஆரக்கால்களுக்கும் அதற்கும் நடுவே விழுந்து சிக்கிக்கொண்டது. பின்சக்கரம் அப்படியே உறைந்தது. அவள் பக்கவாட்டில் சாய்ந்து, சைக்கிளோடு ரோட்டில் விழுந்தாள்.

விழுந்தவள் எழுந்திருக்கவில்லை. மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டு கிடந்தாள். என் கையில் இருந்த தண்ணீர்ப் பாட்டில் உருண்டு கீழே போவது தெரிந்தது. நான் கூப்பிட்டேனா, கூப்பிட நினைத்தேனா என்று இன்றுவரை எனக்குத் தெளிவில்லை. ஆபீசில் நான் படிக்கும் வாசகம் மட்டும் தலைக்குள் ஓடியது: சம்பவ இடத்திலேயே. முழங்காலிட்டு அவள் மூக்கருகே கையைக் கொண்டுபோனேன். மூச்சு வருகிறதா இல்லையா என்று தெரியவில்லை. அவ்வளவு பயம் அதற்கு முன்னும் பின்னும் நான் பட்டதில்லை.

"கையை எடுங்கோ" என்றாள், கண்ணைத் திறக்காமலே. "முழங்கை எரியறது. செயின் எங்க போய் மாட்டிண்டிருக்கு பாருங்கோ."

இரண்டு பேருமாக இழுத்து எடுத்தோம். கையெல்லாம் கறுப்பு மசி. நான் பெரிய தட்டில் மாட்டப் போனேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு, மூன்றாவது சக்கரத்தில் தானே மாட்டினாள். நடுவாந்தரமான சக்கரம். இந்த மேட்டுக்கு அது கடுமையாக இருக்கும் என்று எனக்கே தெரிந்தது.

"நின்னுட்டாச்சே" என்றேன். "விழுந்தாச்சே. இன்னொரு நாள் பாத்துக்கலாம்."

"நிறுத்தினது நான் இல்லை, அந்தத் தட்டு. முதல்லேர்ந்து ஆரம்பிக்கறேன்."

சைக்கிளை அடிவாரத்துக்கே திருப்பி உருட்டிக்கொண்டு போனாள். நானும் பின்னாலேயே போனேன். மேட்டில் ஏறி உட்கார யாராவது பிடித்துக்கொள்ள வேண்டும். சீட்டைப் பிடித்துக்கொள்ளச் சொன்னாள்.

"பிடிச்சுண்டு விட்டுடணும். தள்ளப்படாது."

என் கை தள்ளத்தான் துடித்தது. விட்டுவிட்டேன். சீட்டைவிட்டு எழுந்து நின்று, ஒவ்வொரு மிதியையும் உடம்பு முழுவதும் சாய்த்து மிதித்துக்கொண்டு போனாள். இந்தத் தடவை சக்கரம் அலையவில்லை. நான் நடந்தேன், பிறகு வேகமாக நடந்தேன், பிறகு ஓடினேன். அவள் வளைவில் திரும்பி மறைந்துவிட்டாள்.

அதற்கப்புறம் எனக்கு அவள் மூச்சு கேட்கவில்லை. மீனம்பாக்கத்தில் இறங்கப்போகிற விமானம் ஒன்று தலைக்கு மேலே தாழ்வாக இரைந்துகொண்டு போயிற்று. அது போன பிறகும் ஒன்றும் கேட்கவில்லை. அந்த வளைவுக்கு அந்தப் பக்கம் என்ன கிடக்கிறதோ என்று பயந்து ஒரு கணம் நின்றே விட்டேன். உண்மையைச் சொன்னால், போய்ப் பார்க்கப் பிடிக்கவில்லை. பிறகு ஓடினேன்.

மேலே, தேவாலயத்துக்கு வெளியே மதில் ஓரமாகச் சைக்கிளைச் சாய்த்துவிட்டு, அதன் மேல் குனிந்து நின்றிருந்தாள். தோள் ஏறி ஏறி இறங்கியது. நான் பக்கத்தில் போய் நின்றேன், நெருங்கித் தொட பயமாக இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்தத் தோள் மெதுவாயிற்று. நிமிர்ந்தாள். உதடு சிவப்பாக இருந்தது. என்னைப் பார்த்தவள், நான் எந்த நிலையில் இருக்கிறேன் என்பதைக் கண்டு, கையைப் பிடித்து மதில் மேல் உட்காரவைத்தாள். எனக்குத்தான் பேச மூச்சில்லை.

கீழே ஊர் முழுக்கத் தட்டையாகப் பரந்து கிடந்தது.

"என் நெஞ்சு எப்படி இருக்குன்னு எனக்கு ஒரு வருஷமா தெரியும்" என்றாள். "டாக்டருக்கும் தெரியும். இந்த மலையை நான் உங்களுக்காக ஏறினேன். இதுக்கு மேல நீங்க டாக்டர், வெயில், மழைன்னு எதையும் சொல்லப்படாது. வேண்டாம்னா வேண்டாம்னு சொல்லுங்கோ."



"வேணும்" என்றேன். "ஆனா எனக்கு பயமா இருக்கு. நீ போயிடுவியோன்னு பயமா இருக்கு."

கல்யாணமானதிலிருந்து அதை நான் வாய்விட்டுச் சொன்னது அதுதான் முதல் தடவை. சிரிப்பாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. மசி அப்பிய கையால் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"எனக்கும்தான்" என்றாள். "உனக்குப் பயமா இருக்கான்னு நீங்க ஒரு தரமாவது கேப்பேள்னு பாத்தேன்."