மாமாவை விரட்டிய குண்டுக்கரிச்சான்

போன வாரம் உக்கடம் குளக்கரையில் பறவை பார்க்கப் போயிருந்தோம். குண்டுக்கரிச்சானை வரவழைக்க அதன் பாட்டைக் கைபேசியில் ஒலிக்கவிடப் போன என்னைத் தோழி தடுத்தாள். "வேண்டாண்டி, கூடு கட்டுற நேரம். வேற ஆண் இடத்தைப் புடிக்க வந்துருச்சுன்னு பதறிப்போயிரும்." சட்டென்று பெருந்துறை மாமா நினைவுக்கு வந்தார்.

அப்போது நான் ஆறாம் வகுப்பு. கோடை விடுமுறைக்கு மாமாவின் தோட்டத்துக்குப் போயிருந்தேன். கேட் தூணின் பொந்தில் ஒரு குண்டுக்கரிச்சான் ஜோடி கூடு வைத்திருந்தது. கறுப்பும் வெள்ளையுமான ஆண், விடிந்ததும் டிஷ் ஆன்டெனாவில் உட்கார்ந்து பாட ஆரம்பித்துவிடும். மாமா அதைக் கைபேசியில் பதிவு செய்து திருப்பிப் போட்டார். குருவி விருட்டென்று மதிலுக்கு இறங்கி, வாலைத் தூக்கிக்கொண்டு இன்னும் சத்தமாகப் பாடியது.

"பாத்தியா அம்மணி, என்ர குரலுக்கு எப்படி ஓடி வருது!" என்றார். அது அவர் குரலே இல்லை, குருவியின் சொந்தக் குரல்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை பெண் வீட்டார் வீடு பார்க்க வருவதாக இருந்தது. மாமாவுக்கு வயது ஏறிக்கொண்டிருந்தது. தோட்டம் பார்க்கிற மாப்பிள்ளை என்றதுமே ஜாதகம் திரும்பி வந்துவிடும். கம்பெனி வேலை இல்லாத குறையை, கூப்பிட்டதும் ஓடி வரும் குருவி ஈடுகட்டும் என்று அவர் நம்பினார், நானும்தான். வாரம் முழுக்க ஒத்திகை. இரை தேடக்கூடப் போகாமல் அது பாடியது. எங்களுக்குப் பெருமையாக இருந்தது.

பெண்ணின் அப்பா கேட்டுக்குள் நுழைந்ததும், சட்டைப் பையில் பாட்டை ஓடவிட்டபடி மாமா கும்பிட்டார். குருவி வந்தது. ஆனால் மதிலில் உட்காரவில்லை. நேராகப் பையைக் கொத்தியது. விரட்டினால் தலைக்குப் பாய்ந்தது.

"ஏனுங்க மாப்பிள்ளை, உங்க ஊட்டுக்குள்ள உங்களையே உட மாட்டேங்குதுங்களே!" என்று பெண்ணின் அப்பா வாய்விட்டுச் சிரித்தார். காபி குடித்தார்கள், கிணறு பார்த்தார்கள். "கலந்து சொல்றமுங்க" என்று போனவர்கள் சொல்லவே இல்லை.

மறுநாள் பாட்டைப் போடச் சொல்லி நச்சரித்தேன். மாமா அதை அழித்திருந்தார். "வேண்டாங் கண்ணு. அதாச்சும் குடும்பம் பண்ணட்டும்."

குருவிக்கு மாமாமேல் ஏதோ கோபம் என்றுதான் நினைத்தேன். வேற்று ஆணிடம் 'இது என் இடம், வராதே' என்றும், பெண்ணிடம் 'இங்கே வா' என்றும் அது ஒரே மூச்சில் சொல்லிக்கொண்டிருந்தது எனக்குத் தெரியாது. மாமாவுக்கு அந்த 'இங்கே வா' என்ற பாதி தெரிந்திருக்கும் போல.

அவர் இன்னும் தனியாகத்தான் இருக்கிறார். இந்தச் சித்திரையில் போகிறேன். கைபேசியை அணைத்துவிட்டு, கூடு கட்டும்போது எவ்வளவு பாடுகிறது, குஞ்சு பறந்தபின் எவ்வளவு என்று வெறும் காதால் கேட்டுப் பார்க்க வேண்டும். எதற்காகப் பாடுகிறது என்று மாமா கேட்டால் என்ன சொல்வது என்றுதான் இன்னும் முடிவு செய்யவில்லை.