உடைத்தவர் பெயர்

"மேடம், நீங்கள் எங்கள் கல்லூரிக்குக் கொடுத்த கம்ப்யூட்டர்களைத் தொட்டுப் பார்க்க அனுமதி வாங்கித் தர முடியுமா? பத்து நாளில் எங்களுக்கு வேலைக்கான தேர்வு இருக்கிறது" என்று ஒரு மின்னஞ்சல் வந்தது. எழுதியவள் நான் படித்த கல்லூரியின் இறுதியாண்டு மாணவி. யாரோ விளையாடுகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். நாற்பது கம்ப்யூட்டர்களோடு அந்த ஆய்வகத்தைக் கட்டிக் கொடுத்து ஒரு வருடம் ஆகிறது. திறப்பு விழாவில் குத்துவிளக்கு ஏற்றி, பொன்னாடை வாங்கி, முக்கால் மணி நேரம் பேசி எல்லோரையும் படுத்தியும் எடுத்திருக்கிறேன். பிள்ளைகள் இதற்குள் பாதி விசைப்பலகையைத் தேய்த்திருப்பார்கள் என்று பெங்களூரில் நிம்மதியாக இருந்தேன்.

எனக்குக் கோபம் வந்தால் தாங்காது. அலுவலகத்தில் என் செருப்புச் சத்தத்தை வைத்தே அன்றைய நிலவரத்தைச் சொல்லிவிடுவார்கள். அந்த வாரம் திருவட்டாறில் ஒரு சொந்தக்காரக் கல்யாணம் இருந்தது. தாலி கட்டி முடிந்ததும் பட்டுப்புடவையோடு காரில் ஏறிப் பக்கத்தில் இருந்த கல்லூரிக்குக் கிளம்பிவிட்டேன். பிரதமன் பாயசத்தில் பப்படத்தையும் மட்டிப்பழத்தையும் நொறுக்கிப் பிசைந்து சாப்பிடுவதற்காகவே கல்யாணத்துக்குப் போகிறவள் நான். அதை விட்டுவிட்டு வந்தேன் என்றால் எவ்வளவு கோபம் என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஆய்வகம் பூட்டியிருந்தது. ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தேன். நாற்பது கம்ப்யூட்டர்களும் பூப்போட்ட துணியில், ஓரத்தில் சுருக்கம் வைத்துத் தைத்த உறைகளைப் போட்டுக்கொண்டு வரிசையாக உட்கார்ந்திருந்தன. வாசலில் 'செருப்புகளை வெளியே விடவும்' என்று பலகை. விடுவதற்கு ஒரு ஆளும் இல்லை.

சாவி துறைத்தலைவியிடம் இருந்தது. அவள் என் வகுப்புத் தோழி. நான்கு வருடம் விடுதியில் எனக்குப் பக்கத்துக் கட்டில். என்னோடு அவள் அறைக்கு வந்த கல்லூரி முதல்வர் இருக்கும்வரை "வாங்க மேடம், இருங்க மேடம்" என்று குழைந்தாள். அவர் டீ சொல்ல எழுந்து போனதும், "ஏட்டி, என்னத்துக்கு இப்படிக் கல்யாணப் பொண்ணு கணக்கா வந்து நிக்க?" என்றாள்.

"சாவியத் தா."

"தர மாட்டேன்."

"நான் குடுத்த லேபு ஆக்கும் அது!"

"நீ குடுத்தது லேபு மட்டுமில்ல. ஒரு பேப்பரும் குடுத்த, கேட்டியா" என்று அலமாரியிலிருந்து ஒரு கோப்பை எடுத்து மேசையில் போட்டாள்.

நான் நடத்துகிற நிறுவனத்தில் யாருக்காவது பிறந்தநாள் கேக் வாங்கவே மூன்று பேர் கையெழுத்துப் போட வேண்டும். கல்லூரிக்கு ஆய்வகம் கொடுக்கப் போகிறேன் என்றதும் சட்டப் பிரிவுக்காரர்கள் பதினோரு பக்கத்துக்கு ஒப்பந்தம் எழுதிவிட்டார்கள். நான் வாசிக்கவில்லை. முதல்வரும் வாசிக்கவில்லை, பொன்னாடைக்கும் குத்துவிளக்குக்கும் நடுவில் நின்றுகொண்டே கையெழுத்துப் போட்டார். வாசித்தது இவள் ஒருத்திதான்.

"ஏழாவது பத்திய வாசி" என்றாள்.

வாசித்தேன். கருவி எதுவும் பழுதானால் இரண்டு நாளுக்குள் நன்கொடையாளருக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும். உடைத்த மாணவர் பெயரும் பொறுப்பாசிரியர் பெயரும் அதில் இருக்க வேண்டும். அதற்கென்று இவள் படிவமே அச்சடித்து ஒரு கட்டு வைத்திருந்தாள். பொருள், பழுது, உடைத்தவர் பெயர், பொறுப்பாசிரியர் என்று நான்கு கட்டங்கள். ஒன்றுகூட நிரப்பப்படவில்லை.

"தொட்டா உடையும் மக்கா. உடைஞ்சா பேரு எழுதணும். எந்தப் பிள்ளைக்க பேர எழுத?"

"அது சும்மா போட்டதுட்டி. அதெல்லாம் ஆரு பாக்கப் போறா?"

"பாக்கத்தான் செய்வாவ."

"இன்னும் மூணு நாள்ல பிள்ளைகளுக்குப் பரீட்சை. நான் முதல்வர்ட்ட சொல்லிப் பூட்ட உடைப்பேன்."

"உடை. அதுக்கும் இந்தப் படிவம்தான்."

என் கம்பெனியில் இப்படி ஒருத்தி இருந்திருந்தால் பாதி வழக்குகள் குறைந்திருக்கும். அவள் கண்ணாடியைக் கழற்றி முந்தானையில் துடைத்தாள். "நீ மறந்திருப்ப. எனக்கு மறக்காது" என்றாள்.

நான் மறக்கவில்லை. எந்த மேடையில் ஏறினாலும் சொல்கிற கதை அது. மூன்றாம் ஆண்டில், எல்லோரும் சாப்பிடப் போன நேரத்தில், கம்ப்யூட்டர் பெட்டிக்குள் என்னதான் இருக்கிறது என்று பார்க்க, விடுதிச் சமையலறைக் கத்தியால் திருகுகளைக் கழற்றினேன். திரும்ப மூடியபோது ஐந்து திருகு மிச்சம். அதற்குப் பிறகு அந்தப் பெட்டிக்கு உயிர் வரவேயில்லை. "அன்றைக்கு நான் உடைத்ததால்தான் இன்றைக்கு இங்கே நிற்கிறேன்" என்று முடிப்பேன். கைதட்டுவார்கள். திறப்பு விழாவிலும் அதைத்தான் சொன்னேன். இவள் முன்வரிசையில் இருந்தாள்.

கதையின் மறுபாதியை நான் ஒரு மேடையிலும் சொன்னதில்லை. அன்று வாசலில் காவல் நின்றது இவள். வகுப்புப் பிரதிநிதி என்பதால் சாவி இவள் கையில் இருந்தது. ஆய்வகத்தைப் பார்த்துக்கொண்ட சார் வந்து கேட்டபோது இவள் என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. நான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். சாவி வைத்திருந்ததற்காக இவளை ஒரு வருடம் ஆய்வகத்துக்குள் விடவில்லை. நான் உள்ளே உட்கார்ந்து தட்டிய அந்த வருடம் முழுக்க இவள் நோட்டில் எழுதி எழுதிப் படித்தாள். கம்பெனிக்காரர்கள் வந்தபோது வேலை எனக்குக் கிடைத்தது.

"கையில எழுதி எழுதி எனக்கு விரல் தடிச்சிப்போச்சு" என்றாள். சண்டை போடுகிற குரல் அல்ல. மழை வருமோ என்று கேட்கிற மாதிரிச் சொன்னாள். "இந்தப் பிள்ளையளும் இப்ப அப்படித்தான் எழுதுது. பாத்தா எனக்கு மனசு பொறுக்காம வெப்ராளமா வருது. ஆனா ஒரு பிள்ளைக்க பேர அந்தக் கட்டத்துல எழுத எனக்குக் கை வராது."

எனக்கு வெட்கமாக இருந்தது. பேனாவை எடுத்து ஏழாவது பத்தியைக் குறுக்கே அடித்து, பக்கத்தில் கையெழுத்துப் போட்டேன். போதாதென்று அந்தப் படிவக் கட்டை என் பக்கம் இழுத்து, முதல் தாளை நிரப்பினேன். பொருள்: பழைய ஆய்வகத்தில் ஜன்னலோரக் கம்ப்யூட்டர். பழுது: திறக்கத் தெரிந்தது, மூடத் தெரியவில்லை. உடைத்தவர் பெயர் என்ற கட்டத்தில் என் பெயரை இனிஷியலோடு எழுதும்போது கண் கலங்கி எழுத்து தெரியவில்லை.

"அழாத. மை பரவும்" என்றாள்.

தாளை வாங்கி ஒவ்வொரு கட்டமாக வாசித்தாள். என் பெயரை மட்டும் இரண்டு தடவை வாசித்தாள் என்று நினைக்கிறேன். "ரெண்டு நாளைக்குள்ள தெரிவிக்கணும்னு போட்டிருக்கு. நீ இருபத்தெட்டு வருசம் எடுத்திருக்க" என்றாள். பிறகு பொறுப்பாசிரியர் கட்டத்தில் தன் கையெழுத்தைப் போட்டு, தாளைக் கோப்பில் வைத்தாள்.

சாவியை எடுத்துக்கொண்டு வராந்தாவுக்குப் போனவள் இறுதியாண்டு வகுப்பைப் பார்த்துச் சத்தமாகக் கூப்பிட்டாள்.

"மக்களே, எல்லாரும் வாங்க. உடைச்சவ பேரு எழுதியாச்சு. இனி தைரியமாத் தொடுங்க."