ஒற்றை விசிலும் கொழுக்கட்டைப் புல்லும்

முத்திருளன் ஓரிடத்தில் உட்கார்ந்து நான் பார்த்ததில்லை. இருபத்திரண்டு வருஷம் ஒரே டவுன் பஸ்ஸில் அவன் கண்டக்டர், நான் டிரைவர். மாட்டுத்தாவணியில் எடுத்தால் கோரிப்பாளையம், பரவை, அதையும் தாண்டி அவனுடைய ஊர் வரை ஒரு நடை. அத்தனை வருஷத்தில் கண்டக்டர் சீட்டில் அவன் உட்கார்ந்ததை மொத்தமாகச் சேர்த்தாலும் ஒரு மணி நேரம் தேறாது. பஸ் காலியாக ஓடினாலும் முன்படிக்கும் பின்படிக்கும் நடந்துகொண்டே இருப்பான். நடக்காத நேரத்தில் கை சும்மா இருக்காது. தோல்பைக்குள் விரலை விட்டுச் சில்லறையை உருட்டுவான். அந்தக் கலகல சத்தத்தை முதுகுக்குப் பின்னால் கேட்டுக் கேட்டே எனக்கு வயதாகிவிட்டது. என் ரத்தக் கொதிப்புக்கு டாக்டர் உப்பைக் காரணம் சொல்கிறார். நான் முத்திருளனைச் சொல்வேன்.

என் பெயர் ஜுல்பிகர். வீடு கோரிப்பாளையம் தர்காவுக்குப் பக்கத்துச் சந்து. அவன் என்னை பாய் என்பான், நான் அவனை மாப்ள என்பேன். ஆனால் எங்களுக்கு நடுவில் பேச்சைவிட விசில்தான் அதிகம். ஒற்றை விசில் என்றால் நில், இரட்டை விசில் என்றால் கிளம்பு. கழுத்தில் தொங்கிய விசிலை எங்கோ தொலைத்த பிறகு விரலை நாக்குக்கு அடியில் மடக்கி அடிக்கப் பழகிக்கொண்டான். காது கிழியும். ஒற்றை விசிலில் அவன் மகா கஞ்சன், இரட்டை விசிலில் வள்ளல். ஆள் ஒரு காலைப் படியில் வைத்தால் போதும், இரண்டு விசில் பறந்துவிடும்.

அப்படித்தான் ஒரு நாள் அவன் ஊர் ஸ்டாப்பில் நடந்தது. அந்த ஊர்க்காரி செல்லத்தாய் தன் புருஷன் காளையைத் தோளில் சாய்த்து, பெரியாஸ்பத்திரிக்குப் போக நடத்திக் கூட்டிவந்தாள். ஸ்டாப்புக்கு இன்னும் முப்பது அடி இருந்தது. கண்ணாடியில் எனக்குத் தெரிந்தது. பின்னால் நிற்பவனுக்கும் தெரியாமலா இருக்கும், ஒற்றை விசில் வரும் என்று நினைத்தேன். வந்தது இரட்டை விசில். எடுத்துவிட்டேன். அடுத்த பஸ் ஒன்றரை மணி நேரம் கழித்துத்தான்.

மூன்றாம் நாள் காளை இறந்துபோனான். அந்த பஸ்ஸில் போயிருந்தால் பிழைத்திருப்பான் என்று எந்த டாக்டரும் சொல்லவில்லை. செல்லத்தாயும் எங்களிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவள் கேட்காமல் இருந்ததுதான் முத்திருளனைப் போட்டு அரித்தது. என்னையும் அரித்தது. விசில் அவன் வாயில் இருந்தாலும் பிரேக் என் காலடியில்தானே இருந்தது. நாங்கள் இருவரும் அதைப் பற்றிப் பேசிக்கொண்டதே இல்லை.

ஓய்வு பெற்றதும் நான் ஒரு குட்டியானை வண்டி வாங்கி லோடு அடிக்க ஆரம்பித்தேன். அவனுக்கு எதுவும் ஓடவில்லை. அவன் மனைவி ராமக்காள் வாரம் ஒரு முறை எனக்கு போன் போடுவாள். "அண்ணே, இந்த மனுசன எங்கயாச்சும் கூட்டிட்டுப் போங்க. வீட்டுக்குள்ளயே நடக்குறாரு. பாக்குற எனக்குக் காலு வலிக்குது" என்பாள்.

அந்த நேரத்தில்தான் ஊருக்கு மேற்கே ரோட்டோரமாக இருக்கும் எட்டு ஏக்கர் மேய்ச்சல் புறம்போக்கில் சீமைக்கருவேலத்தை ஜேசிபி வைத்துப் பிடுங்கினார்கள். முள் போனதும் நிலம் மொட்டையாகக் கிடந்தது. அதில் கொழுக்கட்டைப் புல் போடலாம் என்று முத்திருளன் கிளம்பினான். ஒரு தடவை வேர் பிடித்தால் கோடைக்கும் தாங்கும், ஆடு மற்றதையெல்லாம் விட்டுவிட்டு அதைத் தேடி மேயும் என்று எங்கேயோ கேட்டுவந்திருக்கிறான். தை பிறக்கும்வரை ஒரு ஆடுகூட உள்ளே இறங்கக் கூடாது என்பது அவன் போட்ட நிபந்தனை. ஊர் மந்தைத் திடலில் கூட்டம் கூட்டிப் பேசினான். எல்லோரும் தலையாட்டினார்கள். பதினோரு ஆடு வைத்து வயிறு கழுவுகிற செல்லத்தாய் மட்டும் எழுந்து நின்றாள்.

"ஒரு நிமிசம் நிக்காத ஆளு, என்னைய மூணு மாசம் நிக்கச் சொல்றீகளாண்ணே?"

நான் செருப்பைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அவளே சொன்னாள்: "சரி, நிக்கிறேன். கார்த்திகை பொறக்கிறதுக்குள்ள புல்லு கண்ணுல தெரியணும். தெரியலேன்னா ஆட்டப் பூராம் வித்துட்டு திருப்பூருக்கு மக வீட்டோட போயிருவேன். அம்புட்டுத்தேன்."

அன்றிலிருந்து அவள் ஆடுகளை நாலுவழிச் சாலைக்கு அந்தப் பக்கம் ஓட்டிப்போய் மேய்த்தாள். லாரிகளுக்கு நடுவில் பதினோரு ஆட்டையும் அவள் ஒற்றை ஆளாகக் கடத்துவாள்.

விதை வாங்க நான்தான் வண்டி ஓட்டினேன். ஒரு விதைக்கடையில் நல்ல விதை இருந்தது. போன வருஷம் அறுத்தது என்று கடைக்காரர் உள்ளதைச் சொன்னார். அதுதான் அவர் செய்த தப்பு. கிழிந்த நோட்டை சர்வீஸ் பூராவும் திருப்பிக் கொடுத்தே பழகியவன் முத்திருளன். "பழச நம்ம தலையில கட்டப் பாக்குறான் பாய், வா போவோம்" என்று இறங்கிவிட்டான். நத்தம் ரோட்டில் ஒரு தோட்டத்தில் அந்த வாரம்தான் அறுவடை நடந்தது. பஞ்சு மாதிரி சுணையோடு, ஊதினால் பறக்கிற விதை. முகர்ந்து பார்த்தான், என் மூக்கிலும் வைத்தான். பச்சை மணம் அடித்தது. நெல்லோ கத்தரியோ, புது விதைதானே நல்ல விதை? நானும் பெரிய விவசாயி மாதிரி தலையாட்டினேன். ஐந்து மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தோம்.

புரட்டாசிக் கடைசியில் இரண்டு மூட்டையை விதைத்தான். மிச்சத்தை அடுத்த மழைக்கு என்று வைத்துக்கொண்டான். மழை ஏமாற்றவில்லை. கோரை வந்தது, துத்தி வந்தது, நெருஞ்சிகூட வந்தது. போட்ட புல் மட்டும் வரவில்லை.

முத்திருளனுக்கு இருப்புக் கொள்ளவில்லை. பழைய கண்டக்டர் பையை எடுத்துத் தோளில் மாட்டினான். சில்லறைக்குப் பதில் ஒரு படி விதையை அதில் போட்டுக்கொண்டான், எங்கேயாவது சொட்டையாகத் தெரிந்தால் தூவலாம் என்று. நிலமே சொட்டையாகக் கிடக்கும்போது எங்கே தூவுவது? கிழக்குக் கரையிலிருந்து மேற்கே வேப்பமரம் வரை, திரும்பக் கரைக்கு என்று விதைத்த இடத்தை ஒட்டி ஒரே கோட்டில் நடந்தான். கண் விதைத்த இடத்திலேயே இருக்கும். கை பைக்குள் விதையைக் கசக்கிக்கொண்டே இருக்கும். "இன்னைக்கு எத்தன நடை மாப்ள?" என்று கேட்டேன். "முப்பது" என்றான். கிண்டல் செய்கிறேன் என்பதுகூட அவனுக்கு உறைக்கவில்லை.

விதைப் பரிசோதனை நிலையத்தில் கொண்டுபோய்க் கொடுத்தோம். தாமரைச்செல்வி என்று ஒரு அதிகாரி, நூறு விதையை எண்ணி ஈரத் தாளில் வைத்தார். இரண்டு வாரம் கழித்துப் போனபோது ஏழு முளைத்திருந்தது.

"மத்ததெல்லாம் செத்த விதையா மேடம்?"

"இல்லங்கய்யா. உயிரோடதான் இருக்கு, உறங்குது. இந்தப் புல்லு விதை அறுத்த உடனே முளைக்காது. ஆறு மாசம், எட்டு மாசம் போனாத்தான் உறக்கம் கலையும். நீங்க போன வருசத்து விதையா பாத்து வாங்கியிருக்கணும்."

நானும் அவனும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. "இப்ப எழுப்பவே முடியாதா?" என்று கேட்டான். சுணையோடு இருக்கும் மேலுறையை நீக்கினால் பலதும் முளைத்துவிடும் என்றார் அந்த அம்மா. "ஆனா மூட்டைக் கணக்குல யாருங்கய்யா உரிக்க முடியும்?"

அவன் உரித்துப் பார்த்தான். அன்று மதியம் முழுக்க நகத்தால் கிள்ளிக் கிள்ளி உரித்ததில் ஒரு சிட்டிகைகூடத் தேறவில்லை. நகக்கண்ணில் ரத்தம் கட்டியதுதான் மிச்சம். மறுபடி நடக்கப் போய்விட்டான். ஐப்பசி கடைசியில் நாலு நாள் விடாமல் மழை அடித்தது. சளியும் காய்ச்சலுமாக இருந்தவனை ராமக்காள் கதவைச் சாத்தி உள்ளே வைத்துக்கொண்டாள்.

மழை விட்ட அன்று செல்லத்தாய் எனக்கு போன் செய்தாள். "பாய், காலையில வண்டியக் கொண்டாங்க. ஆட்டச் சந்தைக்கு ஏத்தணும்."

கார்த்திகைக்கு இன்னும் மூன்று நாள் இருந்தது. "மூணு நாள் பொறும்மா" என்று சொல்ல வாய் வந்தது. எந்த முகத்தை வைத்துக்கொண்டு நான் அவளைப் பொறுக்கச் சொல்வது? "வாரேன்மா" என்று மட்டும் சொன்னேன்.

விடிந்ததும் போய் ஏற்றினேன். பத்து ஆடு ஏறிவிட்டது. ஒரு கறுப்புப் பெட்டை மட்டும் காலை ஊன்றிக்கொண்டு அடம்பிடித்தது. அதை அவளே தூக்கி உள்ளே வைத்தாள். ஒரு துணி மூட்டையோடு முன் சீட்டில் என் பக்கத்தில் ஏறிக்கொண்டாள். அழவில்லை. ஆடு விற்றதும் அப்படியே மாட்டுத்தாவணியில் இறக்கிவிடச் சொன்னாள்.

புறம்போக்கைத் தாண்டித்தான் வண்டி போக வேண்டும். முத்திருளன் அங்கே கரைமேல் நின்றான். நாலு நாள் கழித்து அன்றுதான் வெளியே வந்திருக்கிறான். வண்டியையும் ஆடுகளையும் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டு தலை குனிந்தான். நான் வேகத்தைக் கூட்டினேன். சீக்கிரம் கடந்துவிட்டால் போதும் என்றிருந்தது.

அப்போது விசில் கேட்டது. ஒற்றை விசில்.

என் கால் தானாகப் பிரேக்கை அழுத்திவிட்டது. பின்னால் ஆடுகள் ஒன்றின்மேல் ஒன்று சரிந்து கத்தின. செல்லத்தாய் முன் கண்ணாடியில் இடித்துக்கொள்ளப் பார்த்தாள். இரண்டாவது விசில் வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. முத்திருளன் இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். "பாய், வண்டிய ஆஃப் பண்ணு! எறங்கி வா! தாயி, நீயும் வா!"

சேற்றில் இறங்கிப் போனோம். விதைத்த நிலம் விதைத்தபடியே மொட்டையாகக் கிடந்தது. அவன் நடந்து நடந்து தேய்த்த தடம் மட்டும் கரையிலிருந்து வேப்பமரம் வரை நீண்டிருந்தது. அதன் இரண்டு ஓரத்திலும் விரல் உயரத்துக்குப் பச்சைக் கோடு ஓடியது. பஸ் சக்கரம் பதிந்த மாதிரி இரண்டு கோடு.

"இங்க நான் வெதைக்கவே இல்ல பாய்" என்றான்.

செல்லத்தாய் குத்தவைத்து உட்கார்ந்து ஒரு முளையை வேரோடு தோண்டி எடுத்தாள். நுனியைக் கடித்துப் பார்த்தாள். "இது கொழுக்கட்டப் புல்லுதேன்" என்றாள். வேரில் ஒட்டியிருந்த விதையை விரலில் வைத்துத் திருப்பினாள். அதில் சுணை இல்லை, வெறும் மணி. பிறகு நிமிர்ந்து அவன் இடுப்பில் தொங்கிய பையைப் பார்த்தாள். எட்டி அதன் அடித் தையலுக்குள் விரலை விட்டாள். விரல் மறுபக்கம் வந்தது. பையைக் குலுக்கினாள். இரண்டு மூன்று மணி உதிர்ந்தது. சுணையோடு இருந்ததெல்லாம் உள்ளேயே சிக்கிக்கொண்டது.

"கசக்கிக் கசக்கி நீங்களே உரிச்சிருக்கீகண்ணே. உரிச்சது பூராம் ஓட்டையில விழுந்திருக்கு. இதுக்கு எதுக்கு நகத்தால நோண்டணும்? சாக்கு மேல கொட்டி ரப்பர் செருப்பால தேய்ச்சாக் கழண்டுரும்ல."

"மூணு மூட்டை மிச்சம் இருக்கு தாயி" என்றான். அவசரமாகச் சொல்லிவிட்டு நிறுத்தினான். பிறகு மெதுவாகச் சொன்னான். "ஆனா இப்பப் போட்டாலும் மேய்க்க மாசி ஆயிரும். மறுபடி நிக்கச் சொல்ல எனக்கு வாயில்ல."

அவள் வண்டிக்குப் போனாள். நானே போய் அவிழ்ப்பதற்குள் பின்கதவின் கொக்கியைத் தட்டிவிட்டாள். கறுப்புப் பெட்டைதான் முதலில் குதித்தது.

அன்று மதியம் வேப்பமரத்தடியில் சாக்கை விரித்தோம். முத்திருளன் சம்மணம் போட்டு உட்கார்ந்தான். அவன் அப்படி நிலையாக உட்கார்ந்ததை நான் அன்றுதான் பார்த்தேன். மூன்று பேரும் ஆளுக்கொரு செருப்பை வைத்துத் தேய்த்தோம். சுணை பறந்து மூக்கில் ஏறியது. வெகுநேரம் கழித்து, சாக்கைப் பார்த்தபடியே செல்லத்தாய் சொன்னாள்.

"அன்னைக்கும் இந்த ஒத்த விசில அடிச்சிருக்கலாம்லண்ணே."

முத்திருளனின் கை நின்றுவிட்டது.

"பாத்தேன் தாயி" என்றான். "நீங்க வர்றதப் பாத்துட்டுத்தேன் ரெண்டு விசில் அடிச்சேன். நேரமாச்சுன்னு அடிச்சேன்."

"நானும் கண்ணாடியில பாத்தேன்மா" என்றேன். அதைச் சொல்ல எனக்குப் பதினான்கு வருஷம் ஆகியிருக்கிறது.

அவள் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை. முந்தானையால் கண்ணை ஒரு தடவை துடைத்தாள். அது சுணைக்காகவும் இருக்கலாம். மூட்டையிலிருந்து ஒரு கை விதையை அள்ளி முத்திருளன் முன்னால் கொட்டினாள்.

"கை ஏண்ணே நிக்கிது? தேய்ங்க."