ஹயாத் பாஷாவின் மியூசியம்

ஓவர்சீயர் ஹயாத் பாஷாவைப் போல ஒரு பிடிவாதக்காரரை நான் பார்த்ததில்லை. தர்மபுரியைச் சுற்றி அவர் கைபடாத சர்க்கார் கச்சேரி கிடையாது, ஜெயில் கிடையாது, பங்களா கிடையாது. ஆனால் திறப்புக் கல்லில் எப்போதும் யாராவது ஒரு துரையின் பெயர்தான். பென்ஷன் வந்த வருஷமே மனைவி ஜான் பீயும் போய்ச்சேர, பேச்சுத்துணைக்கு ஆளில்லாமல் தவித்தார்.

ஆயிரத்துத் தொள்ளாயிரத்து முப்பத்தெட்டில் எங்கள் ஊர்ச் சரித்திரச் சங்கம் அவரிடம் போனது. பழைய சண்டைகளில் மாண்ட வீரர்களுக்கு நட்ட கற்கள் எங்கள் பக்கத்துக் காடுகளில் நிறைய நிற்கின்றன. அவற்றை ஒரே இடத்தில் சேர்க்க ஒரு மியூசியம் கட்ட வேண்டும் என்றோம்.

"இதுலயாவது எம் பேரு இருக்கணும்ங்க," என்றார். சரி என்றதும் மனுஷனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை.

வரைந்து கொண்டுவந்தார் பாருங்கள்! சுற்றிலும் சுவர், மேலே ஆகாசம். கூரை இல்லை, வாசலுக்குக் கதவும் இல்லை.

"வெயில்லயும் மழையிலயும் நின்ன கல்லுங்க. வேடியப்பன் சாமின்னு ஜனங்க எண்ணெ வெச்சுக் கும்புடறாங்க. அதைப் போயிப் பூட்டறதா? ஜெயிலுக்கு நான் வெச்ச கதவே போதும்ங்க. வயசான பொறவுதான் இதெல்லாம் புரியுது."

சங்கத் தலைவர் மாரப்பன் கதவு வேண்டும் என்றார். இவர் மசியவில்லை. அதற்குள் யுத்தம் வந்து, சிமெண்ட் கிடைக்காமல் எல்லாம் நின்றது.

நாற்பத்தாறில் மாரப்பனே இறங்கி வந்தார். "உங்க இஷ்டப்படியே கட்டுங்க பாய்," என்றார். பாஷாவின் கண் கலங்கிவிட்டது. மறுநாளே முதல் கல்லை அளக்க, என்னையும் இழுத்துக்கொண்டு தீர்த்தமலைப் பக்கம் கிளம்பினார்.

கல் நின்றது சின்னக்கா என்பவளின் சோளக்காட்டில். அவளுடைய ஒரே மகன் செல்லன் பட்டாளத்துக்குப் போய் பர்மாவில் செத்தவன். எங்கே புதைத்தார்களோ, யாருக்குத் தெரியும். அவனை நினைத்து இந்தக் கல்லுக்குத்தான் விளக்கேற்றி வந்தாள். பாஷா டேப்பை விரித்தபோது அவள் தடுக்கவில்லை.

"எடுத்துக்கிட்டுப் போங்க பாயி. பெரியவங்க காரியம், நான் என்னத்தச் சொல்ல? வூட்ல ஒரு ஆளில்ல. பொழுது சாஞ்சா இதுகிட்டதான் பேசிக்கிட்டிருப்பேன்."

"அங்க கதவே கெடையாது தாயி. எப்ப வேணாலும் வரலாம்."

"தர்மபுரிக்குத் தெனமும் எப்படி பாயி வர்றது?"

பாஷா டேப்பைச் சுருட்டினார்.

ஊர் திரும்பியதும் நேரே மாரப்பனிடம் போய் வரைபடத்தை நீட்டினார். "கல்லுங்க இருக்கற எடத்துலயே இருக்கட்டும்ங்க. ஒவ்வொண்ணுகிட்டயும் பேச அங்கங்க ஒரு ஆளு இருக்கும். மியூசியம் வேண்டாம்."

எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. மாரப்பன் கேட்டார்: "அட என்ன பாய் இது! உங்க பேரு சொல்ல ஒண்ணாவது வேண்டாமா?"

"வேணும்ங்க," என்றார் பாஷா. "ரொம்ப வேணும்."

வேறு ஆளை வைத்துக் கட்ட மாரப்பனுக்கும் மனம் வரவில்லை.